வளர்ச்சியும் சூழலும் படிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: சர்வதேச வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் சேர்ந்த முதுகலையில் அறிவியல் அதிகமா?

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் புள்ளியியலும் ஜிஐஎஸ்ஸும் (கணினியில் வரைபடத் தரவுகளை அலசும் முறை) கட்டாயம். அதே பெயரில் இன்னோரிடத்தில் முழுக்க அரசியல் கோட்பாடு. பாடப் பட்டியலைப் படியுங்கள்.

கேள்வி: நான் பொறியியல் படித்தவன். சேர்ப்பார்களா?

பதில்: பல இடங்களில் சேர்ப்பார்கள். நீர், எரிசக்தி தெரிந்த ஆள் இங்கே தேவை. ஆனால் முதல் பருவத்திலேயே நீண்ட கட்டுரைகள் கேட்பார்கள், திணறுவீர்கள். இப்போதே எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: வேலை அனுபவம் இல்லாமல் உதவித்தொகை கிடைக்குமா?

பதில்: பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை என்றால் 2 ஆண்டு அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸில் படிப்புக்குப் படிப்பு விதி மாறும்.

கேள்வி: பொதுநிலம் என்றால் ஆளாளுக்கு மேய்த்து அழிப்பார்கள் என்று அமெரிக்கச் சூழலியலாளர் ஹார்டின் 1968லேயே சொல்லிவிட்டாரே. இதற்கு ஒரு பட்டமா?

பதில்: அப்படி வாருங்கள்! ஸ்விட்சர்லாந்தில் தோர்பெல் என்று ஒரு மலைக் கிராமம். குளிர்காலம் முழுக்கத் தன் தீவனத்தில் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் ஒருவர் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517லேயே விதி எழுதிவிட்டார்கள். அளவுகோலைப் பாருங்கள்: வைக்கோல் போர்! யாரும் ஏமாற்ற முடியாது, ஊரே எண்ணிவிடும். இதைப் போன்ற ஊர்களை அலசித்தான் அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் 2009ல் பொருளாதார நோபல் பெற்றார். ஹார்டினே பிற்பாடு, 'நிர்வகிக்கப்படாத' பொதுநிலம் என்று சொல்லியிருக்க வேண்டும் என ஒப்புக்கொண்டார்.

கேள்வி: (அவரே) கிராமத்துக்குச் சரி. காற்றுமண்டலத்துக்கு யார் வைக்கோலை எண்ணுவது?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆஸ்ட்ரம் சொன்ன முதல் நிபந்தனையே தெளிவான எல்லை. காற்றுக்கு வேலி கிடையாது. 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்கிறது, எட்டாவிட்டால் தண்டனை இல்லை. எவ்வளவு புகை விட்டோம் என்று எண்ணிச் சொல்லும் கடமை மட்டும் உண்டு. அது போதுமா? எனக்குச் சந்தேகம்தான். நீங்கள் இதையே ஆய்வேடாக எழுதலாம்.

கேள்வி: ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவற்றுக்குள் 169 உள் இலக்குகள். எவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பாருங்கள். அணை கட்டினால் மின்சாரம் வரும், மீன் போகும்.

கேள்வி: விசா?

பதில்: என் துறை இல்லை. தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது?

பதில்: பாடப் பட்டியல், பாடப் பட்டியல்.

கேள்வி: செவனிங்குக்கு அனுபவம் கட்டாயமா?

பதில்: இரண்டு ஆண்டு. மேலே இருக்கிறது.