மும்பையில் இருந்துகொண்டு, நம் கேஸுக்குப் பொருத்தமான இமிகிரேஷன் வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குர்லா ஸ்டேஷனில் நின்றுகொண்டு "நல்ல ட்ரெயின் எது?" என்று யாரும் கேட்பதில்லை. தானே போக வேண்டுமா, பன்வேல் போக வேண்டுமா என்று தெரிந்தால்தான் எந்தப் பிளாட்ஃபாரம் என்றே சொல்ல முடியும். வக்கீல் விஷயத்தில் மட்டும் ஏனோ எல்லோரும் "நல்ல வக்கீல் பேர் ஒன்று சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறோம். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். அதில் என் மகனின் விசா கையை விட்டுப் போகத் தெரிந்தது.

நான் வக்கீல் இல்லை. செம்பூரில் இருபத்தேழு வருஷமாக இருக்கும் ஒரு பேங்க் ஊழியை. இந்த விஷயத்தில் கொஞ்சம் அனுபவம் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் வீடு இருக்கும் இடம். டூரிஸ்ட் விசா, வேலைக்கான எச்-1பி விசா என்றால் நம் ஊர்க்காரர்கள் சென்னையில் ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்க கான்சுலேட்டிலேயே முடித்துக்கொள்வார்கள். கிரீன் கார்டுக்கான குடியேற்ற விசா என்றால் பெரும்பாலும் மும்பைக்குத்தான் வந்தாக வேண்டும். திருநெல்வேலி, கும்பகோணம் என்று எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர்கள் ஃபைலும் கையுமாக வந்து, எங்கள் வீட்டில் தங்கி, இங்கே அமெரிக்க கான்சுலேட் இருக்கும் பிகேசி (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்) போய் வருவார்கள். எட்டுப் பத்துப் பேருக்காவது இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். திரும்பி வந்தபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் கதையைச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் சிட்டிசன் ஆனதும், 2006 ஜனவரியில் எனக்காக ஐ-130 என்ற குடும்ப மனு போட்டார். உடன்பிறந்தவர்களுக்கான இந்தப் பிரிவை எஃப்-4 என்பார்கள். இந்தியர்களுக்கு வரிசை நீளம். எங்கள் முறை வர 2024 கடைசி ஆகிவிட்டது. மனு போட்ட வருஷம் கான்சுலேட் பிரீச் கேண்டியில் கடலோரம் இருந்தது. எங்களைக் கூப்பிடுவதற்குள் அது பிகேசிக்குக் குடிபோய்ப் பதின்மூன்று வருஷம். 2001-இல் பிறந்த என் பையன் மனு போடும்போது எல்.கே.ஜி., இப்போது வேலைக்குப் போகிறான்.

21 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகள்தான் பெற்றோருடன் சேர்ந்து போக முடியும். பையனுக்கு 23. அண்ணன் தன் கம்பெனிக்கு எச்-1பி பார்க்கும் வக்கீலிடமே எங்கள் ஃபைலைக் கொடுத்திருந்தார். தெரிந்தவர், கட்டணத்திலும் குறைத்துக்கொண்டார். அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "21 தாண்டிவிட்டான், பையன் பெயரை எடுத்துவிடுங்கள்." அவர் மோசமான வக்கீல் என்று சொல்ல மாட்டேன். எச்-1பி, பெர்ம் (கிரீன் கார்டுக்கு முதல் படியாகக் கம்பெனி வாங்கும் தொழிலாளர் சான்று) என்று கம்பெனிக் கேஸ்களில் கெட்டிக்காரர் என்றுதான் இன்றைக்கும் அண்ணன் சொல்கிறார். ஆனால் கம்பெனிக் கேஸில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முப்பது வயது, பிள்ளைகளுக்கு மூன்று வயது. வயது தாண்டும் சிக்கல் அவர் மேஜைக்கு அடிக்கடி வருவதில்லை.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் எங்கள் வீட்டில் தங்கிப் போன ஒரு அக்கா, தனக்குக் குடும்ப மனு பார்த்துக் கொடுத்த வக்கீலின் நம்பரைத் தந்தார். அந்த வக்கீல் அம்மாள் ஒரு மணி நேரத்துக்கு இருநூறு டாலர் வாங்கினார். போனில் கேட்ட முதல் கேள்வி, "மனு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது, எந்தத் தேதியில் அப்ரூவ் ஆனது?" ஐ-797 என்ற அறிவிப்புக் கடிதத்தின் ஜெராக்ஸ் எங்கள் கோத்ரெஜ் பீரோவில் பழைய ரேஷன் கார்டோடு கிடந்தது. அப்ரூவ் ஆனது 2010 அக்டோபரில். அதாவது மனு நாலே முக்கால் வருஷம் அவர்கள் அலுவலகத்தில் கிடந்திருக்கிறது. 2002-இல் வந்த ஒரு சட்டப்படி, முறை வரும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதில் மனு கிடந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். 23-இல் நாலே முக்காலைக் கழித்தால் பதினெட்டேகால். பையன் உள்ளே வந்துவிட்டான். ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, முறை வந்த ஒரு வருஷத்துக்குள் அவன் பெயரில் விசாக் கட்டணம் கட்டுவது, விண்ணப்பம் போடுவது என்று ஏதாவது நடந்திருக்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவில் போய் இறங்கும்வரை அவனுக்குக் கல்யாணம் ஆகக்கூடாது. (இதைக் கேட்டு அவன் பாட்டிக்குத்தான் வருத்தம்.)

இரண்டு வக்கீலுக்கும் பட்டம் ஒன்றுதான், பார் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) உறுப்பினர் தகுதியும் ஒன்றுதான். ஒருவருக்குத் தெரியாத கணக்கு இன்னொருவருக்கு விரல் நுனியில் இருந்தது. அவர் வாராவாரம் போடும் கணக்கு அது.

அதனால் வக்கீலைத் தேடும் முன், உங்கள் கேஸ் எந்த வகை என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யார் மனு போடுகிறார்: கம்பெனியா, குடும்பமா, நீங்களேவா? முடிவு எங்கே எடுக்கப்படும்: அமெரிக்காவுக்குள்ளா, இங்கே கான்சுலேட்டிலா, இமிகிரேஷன் கோர்ட்டிலா? பழைய கறை ஏதாவது உண்டா, அதாவது விசா மறுப்பு, கெடு தாண்டித் தங்கியது, போலீஸ் கேஸ், முன்பு ஏதாவது விண்ணப்பத்தில் எழுதிய தப்பான தகவல்? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறைப்பார்கள். வக்கீலை முடிவு செய்வதே அதுதான்.

என் பெரியப்பா முறையுள்ள ஒருவர் மகளைப் பார்க்க டெக்ஸாஸ் போனவர், முட்டி வலி, மழை, பேரன் பிறந்தநாள் என்று விசிட்டர் கெடு முடிந்த பிறகும் ஒன்றரை வருஷம் தங்கிவிட்டார். திரும்பியது 2016-இல். பிறகு மகள் சிட்டிசன் ஆகி அவருக்கு மனு போட்டாள். பார்த்துக்கொண்டது அவள் குடியிருப்பிலேயே இருந்த ஒரு தமிழ் வக்கீல். வீட்டுப் பத்திரம், உயில் எல்லாம் பார்ப்பவர். மனு அழகாக அப்ரூவ் ஆனது. ஆகாமல் என்ன? அந்தக் கட்டத்தில் அவர்கள் பார்ப்பது இவர் அந்தப் பெண்ணுக்கு அப்பாவா என்பதைத்தான். பிகேசியில் ஜன்னலுக்கு முன்னால் நின்றபோதுதான் வெடித்தது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ கெடு தாண்டித் தங்கிவிட்டு வெளியேறினால், வெளியேறிய நாளிலிருந்து பத்து வருஷம் உள்ளே விட மாட்டார்கள். அதற்கு மன்னிப்பு மனு உண்டு. ஆனால் அதற்கு சிட்டிசனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்கும் கணவன், மனைவி அல்லது பெற்றோர் கஷ்டப்படுவார்கள் என்று காட்ட வேண்டும். மகள் படும் கஷ்டம் இந்தக் கணக்கில் சேராது. பெரியம்மா காலமாகிவிட்டார். கறையுள்ள கேஸ்களைப் பார்க்கும் வக்கீலாக இருந்தால் முதல் போனிலேயே "2026 வரை பேசாமல் இருங்கள்" என்று சொல்லியிருப்பார். மனுக் கட்டணம், மெடிக்கல், விமான டிக்கெட் எல்லாம் மிச்சமாகியிருக்கும். அன்று மத்தியானம் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

கம்பெனி மூலம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. கம்பெனி வைத்த வக்கீல் காகிதத்தில் உங்களுக்கும் சேர்த்துத்தான் வக்கீல். ஆனால் பணம் கொடுப்பது கம்பெனி. "வேறு கம்பெனிக்கு மாறலாமா, கிரீன் கார்டு வரிசையில் என் இடம் என்னாகும்?" என்று அவரிடம் மனம்விட்டுக் கேட்க முடியுமா? என் அக்கா மகனை வேலையிலிருந்து நீக்கியபோது கையில் இருந்தது அறுபது நாள் அவகாசம். கம்பெனி வக்கீல் மெயிலுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருடைய கட்சிக்காரர் கம்பெனி. அக்கா மகன் சொந்தக் காசில் ஒருவரைப் பிடித்து வேறு வேலைக்கு மாறினான். இன்னொன்று: பெர்ம் கட்டத்துக்கான வக்கீல் கட்டணத்தைக் கம்பெனிதான் கட்ட வேண்டும், 2007 முதல் அதுதான் விதி. "பாதியை நீ கொடு" என்று கேட்டால் உஷாராகுங்கள்.

வெறும் டூரிஸ்ட் விசாவுக்கு வக்கீல் வேண்டாம் என்பது என் கட்சி. டிஎஸ்-160 படிவத்தை உட்கார்ந்து நீங்களே நிரப்பலாம். 214(பி) என்று, அதாவது திரும்பி வருவீர்கள் என்று நம்பிக்கை வரவில்லை என்று மறுத்தால் அப்பீலும் கிடையாது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான். ஆனால் மறுப்புச் சீட்டில் 212(ஏ)(6)(சி) என்று இருந்தால் கதையே வேறு. பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்தார் என்று அர்த்தம். அது ஆயுள் முழுக்கத் துரத்தும் தடை. அதற்கு ஏஜெண்டிடமும் போகாதீர்கள், எச்-1பி வக்கீலிடமும் போகாதீர்கள். கான்சுலேட் மறுப்புகளும் மன்னிப்பு மனுக்களும் பார்ப்பவரையே தேடுங்கள்.

"மும்பையிலேயே வக்கீல் கிடைக்க மாட்டாரா?" என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் உங்கள் மனுவுக்காக நிற்க, அங்கே ஏதாவது ஒரு மாநிலத்தின் பாரில் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது அவர்கள் நீதி அமைச்சகம் அங்கீகரித்த பிரதிநிதியாக இருக்க வேண்டும். எந்த மாநிலம் என்பது முக்கியமில்லை, குடியேற்றச் சட்டம் மத்திய சட்டம். அண்ணன் நியூ ஜெர்சியில், நாங்கள் செம்பூரில், வக்கீல் டெக்ஸாஸில். ஒரு குறையும் இல்லை. பெயரைக் கேட்டதும் அந்த மாநில பாரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரிந்துவிடும். டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் குடியேற்றச் சட்டத்துக்கென்றே தனியாகத் தேர்வு வைத்து நிபுணர் சான்றிதழும் தருகிறார்கள். எங்களுடையவரிடம் அது இருந்தது. அது இல்லாத நல்ல வக்கீல்களும் நிறைய.

அந்தேரி, போரிவலிப் பக்கம் "100% விசா" என்று போர்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வக்கீலே இல்லை. நம் நாட்டு வக்கீல்கள் விளம்பரம் செய்யவே பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. போர்டு பெரிதாக இருந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

கனடா கேஸை வக்கீலும் பார்க்கலாம், லைசென்ஸ் வாங்கிய கன்சல்டண்டும் பார்க்கலாம். அந்தக் கன்சல்டண்டுகளுக்கு ஒரு கல்லூரி உண்டு, பாடம் நடத்துகிற கல்லூரி இல்லை, நம் பார் கவுன்சில் மாதிரி. பெயரை அதன் பொதுப் பதிவேட்டில் தேடலாம். லைசென்ஸ் இல்லாமல் காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போடுபவன் தன் பெயரை எங்கும் எழுத மாட்டான். 2023-இல் போலி அட்மிஷன் கடிதத்தால் கனடாவில் நம் மாணவர்கள் பலர் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தார்களே, அங்கேயும் கதை அதுதான். விண்ணப்பங்கள் மாணவர்களே போட்டது மாதிரி இருந்தன, ஏஜெண்டின் கையெழுத்து இல்லை. பொய்த் தகவல் என்று முடிவானால் கனடாவில் ஐந்து வருஷத் தடை. ஆகவே பிரதிநிதி படிவத்தில் கையெழுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஜி-28, கனடாவில் ஐஎம்எம் 5476, ஆஸ்திரேலியாவில் 956. "அதெல்லாம் வேண்டாம், உங்கள் பேரிலேயே போட்டுவிடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் பேச்சில் நான் கேட்கச் சொல்வது: "இதே மாதிரி கேஸ் போன வருஷம் எத்தனை பார்த்தீர்கள்? மும்பை கான்சுலேட்டில் எத்தனை? என் ஃபைலைத் தினமும் பார்ப்பது நீங்களா, உங்கள் உதவியாளரா? கட்டணத்தில் எதெல்லாம் சேரும், மறுத்தால் அடுத்த வேலைக்குத் தனிக் காசா?" எல்லாவற்றையும்விட, "என் கேஸில் பலவீனம் எது?" இதற்குப் பதில் சொல்லத் தயங்குபவரைவிட, "பலவீனமே இல்லை" என்று சட்டென்று சொல்பவர்தான் எனக்குப் பயம். எங்கள் டெக்ஸாஸ் அம்மாள் கணக்குப் போட்டு முடித்த கையோடு, "பிறப்புச் சான்றிதழில் உங்கள் அப்பா இனிஷியல் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்குமே?" என்றார். இருந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இனிஷியல் தலைவலி தீராது. அதைச் சரிக்கட்டப் பள்ளிச் சான்றிதழ், அத்தையின் அபிடவிட் என்று இரண்டு மாதம் அலைந்தோம். இண்டர்வியூ அன்று அந்த அதிகாரி கேட்டதும் அதைத்தான்.

நீங்கள் கேள்வியில் எந்த நாடு, எந்த வகை என்று எழுதவில்லை. அண்ணன், அக்கா மூலம் போகும் கேஸ், கூடப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால், வக்கீலுக்குப் போன் போடும் முன் அந்த ஐ-797 கடிதத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டோடு இருந்தது, உங்கள் வீட்டில் எதோடு இருக்கிறதோ.