மைக்ரோலைட்: முதல் தடவை குலுங்கியதற்காக விட்டுவிடாதீர்கள்

இங்கிலாந்தில் ஜூலை மாத மதியத்தில் ஃப்ளெக்ஸ்விங்கில் (துணி இறக்கைக்குக் கீழே திறந்த இருக்கையில் உட்கார்ந்து பறக்கும் மைக்ரோலைட், அதாவது மிக லேசான சிறு விமானம்) ஏறினேன், தூக்கித் தூக்கிப் போட்டது, வயிறு கலங்கிவிட்டது, இது எனக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒத்துவரும். நீங்கள் போன நேரம்தான் சரியில்லை. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்று அவ்வளவு லேசான இறக்கையைப் பந்தாடிவிடும். அடுத்த தடவை அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ நேரம் கேளுங்கள். அதே விமானம் வழுக்கிக்கொண்டு போகும், கீழே வயல் வரப்புகளை நிதானமாகப் பார்க்கலாம்.

கட்டுப்பாட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். குலுங்கும்போது அது கைக்குள் அசையத்தான் செய்யும். ஒவ்வொரு அசைவுக்கும் மல்லுக்கட்டினால் தோள்தான் வலிக்கும். கம்பியைத் தள்ளினால் மூக்கு உயர்ந்து வேகம் குறையும், இழுத்தால் வேகம் கூடும். பழகியபின் யோசிக்கவே வேண்டாம்.

அப்புறம் செலவு. முழு உரிமத்துக்குக் குறைந்தது 25 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 10 மணி நேரம் தனியாக. பலருக்கு அதற்கு மேலேயே ஆகிறது, அதையும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றால் மூடிய அறை உள்ள த்ரீ ஆக்சிஸ் விமானத்தையும் (சாதாரண விமானம் போல வாலும் ஓட்டும் குச்சியும் உள்ள மைக்ரோலைட்) ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.