ஜாடை வந்துவிட்டது, அப்பத்தா வரவில்லை

கேள்வி: பாம்பனில் கடற்பாசி எடுக்கும் என் அப்பத்தாவை, செல்போன் போட்டோ பார்த்து ஆயில் பெயிண்டில் வரைந்தேன். ஜாடை அப்படியே இருக்கிறது, ஆனால் முகத்தில் உயிர் இல்லை. கண்ணையும் வாயையும் பத்துத் தடவை மாற்றிவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: கண்ணையும் வாயையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். எனக்கு அந்தப் போட்டோ மேல்தான் சந்தேகம். ப்ளாஷ் அடித்து எடுத்த படத்தில் முகத்து நிழல் ஓடிப்போய்விடும். அப்புறம் எத்தனை சுருக்கம் வரைந்தாலும் தட்டில் கோடு கிழித்த மாதிரிதான். நானும் என் அப்பாவின் உதட்டோடு மூன்று நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் பற்பசை விளம்பரக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

அப்பத்தாவை நேரில் உட்கார வையுங்கள். காலை 8 மணி வாக்கில், வாசலில், ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி. பேச விடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: சில்லறை விவரமெல்லாம் மங்கி, வெளிச்சம், நிழல் என்று இரண்டே துண்டு நிற்கும். அந்த இரண்டை மட்டும், பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் கரைத்து, பெரிய பிரஷ்ஷால் போடுங்கள். சரியாக வரவில்லையா, துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். ஆயில் சட்டென்று காயாது, அதுதான் அதன் வசதி. (எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள்.)

அடுத்தது நிறம். தோல் நிறம் என்று ‘பிளெஷ் டின்ட்’ பெயரில் விற்கும் வெளிர் ரோஸ் ட்யூப் நம் ஊர் முகத்துக்கு ஆகாது. எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர் நீலம்), வெள்ளை போதும். கறுத்த நெற்றியின் மேட்டில் வானத்து நீலம் சாம்பலாக மினுங்கும். தாடைக்கு அடியில் நிழல்தான். ஆனால் வாசல் மணல் வெயிலைத் திருப்பி அடிப்பதால் அந்த நிழலுக்குள்ளேயே லேசாக ஒரு காவி தெரியும். ப்ளாஷ் போடாத போட்டோவில்கூட அது கறுப்பாக விழுந்துவிடலாம். அதை நம்பிக் கறுப்பை அப்பினீர்கள் என்றால் முகம் செத்துவிடும்.

மேல் அடுக்குகளுக்குப் போகப் போக டர்பன்டைனைக் குறைத்து, ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். மாற்றிச் செய்தால் பெயிண்ட் காய்ந்த பின்னால் விரிசல் விடும்.

வாய் கடைசியில். ஓரங்களில் கோடு போடாமல், காய்ந்த பிரஷ்ஷால் பக்கத்து நிழலோடு இழைத்துவிடுங்கள். அப்பத்தா சிரிக்கப் போகிறாரா, திட்டப் போகிறாரா என்று பார்க்கிறவர் கொஞ்சம் யோசிக்கட்டும்.