கார்டு இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை: ஓட்டுரிமை கேள்வி பதில்

தேர்தல் பணியில் வாக்குச்சாவடி அலுவலராகவும், பிறகு வாக்காளர் பட்டியல் திருத்த வேலையிலும் இருந்தவன் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சாதாரண ஆளுக்கு ஓட்டுப் போட நிஜமாகவே தடை இருக்கிறதா சார்? இல்லை, சோம்பேறிகள் சொல்லும் சாக்கா?

சாக்கு சொல்பவர்களும் உண்டு. ஆனால் எல்லாமே சாக்கு என்று அடித்துப் பேசுபவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் பல வருஷமாக ஒரே முகவரியில், சொந்த வீட்டில் இருப்பவர்கள். பட்டியலில் பெயரும் கையில் ஆவணமும் இருந்து பூத்துக்குள் வந்துவிட்ட ஆளைத் திருப்பி அனுப்புவது அபூர்வம். சாவடியும் பொதுவாக 2 கிலோமீட்டருக்குள் இருக்கும். சிக்கல் அதற்குப் பல மாதம் முன்பே, பட்டியலில் ஆரம்பித்துவிடுகிறது. வீடு மாறுகிறவர், வேலை தேடிப் போகிறவர், கல்யாணமாகி ஊர் மாறும் பெண் ஆகியோர்தான் அதில் அடிபடுகிறார்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் வாக்குப்பதிவு 81 சதவீதம், மத்திய சென்னையில் 54 சதவீதத்தை ஒட்டி. உடனே 'சென்னைக்காரன் தூங்கிவிட்டான்' என்றார்கள். தூங்கியவர்களும் இருப்பார்கள். ஆனால் வீடு காலி செய்து போனவர், இறந்தவர் பெயரெல்லாம் நகரத்துப் பட்டியலில் நீக்கப்படாமல் கிடந்தால் சதவீதம் தானாகவே குறைந்துதான் தெரியும்.

கேள்வி: போன தேர்தலில் ஓட்டுப் போட்டேன். இந்த முறை ஓட்டர் ஐடியோடு போனால் பெயரே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கார்டு இருந்தும் இது நியாயமா?

கார்டு உங்களை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். ஓட்டுரிமையைத் தருவது பட்டியல். பெயரை நீக்கும் முன் நோட்டீஸ் தர வேண்டும் என்பது விதி. நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய், வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பினால், அதையே காரணமாக எழுதி பெயரை எடுத்துவிடுவார்கள்.

2025-ல் பீகாரில் சிறப்புத் தீவிர திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்றார்கள். விடுபட்ட பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் யார் பெயர், ஏன் போனது என்று மக்கள் பார்க்க முடிந்தது. இறந்தவர் பெயரை நீக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கும் சுமையைக் கூலிக்காரர் தலையில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் புதுப் பெயரைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் வரைவுப் பட்டியல் வரும்போதே பாருங்கள். 1950 எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம்.

கேள்வி: அப்படியென்றால் தேர்தல் விதி 49பி (49P) கேட்டு ஓட்டுப் போட முடியாதா?

முடியாது தம்பி. சினிமா பார்த்துவிட்டு நிறையப் பேர் இப்படி வந்து நிற்கிறார்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருந்து, அந்த ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்தான் 49பி. அப்போது மெஷினில் போட விடமாட்டார்கள். காகித வாக்குச்சீட்டு தந்து, தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸின் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அதையொட்டி வந்த வழக்கில் இத்தகைய ஓட்டுகள் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. வீண் என்று விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஓனர் அக்ரிமெண்ட் தர மாட்டேன் என்கிறார். எப்படிப் பெயர் சேர்ப்பது?

ஓனர் அனுமதி தேவையே இல்லை. நீங்கள் வழக்கமாக அங்கே குடியிருக்கிறீர்களா என்பதுதான் சட்டம் கேட்கும் கேள்வி. அந்த முகவரியில் கேஸ் பில், பாஸ்புக், ஆதார் எதுவாவது போதும். ஏற்கெனவே வேறு இடத்தில் பெயர் இருந்தால் படிவம் 8, புதிதாக என்றால் படிவம் 6. வீடே இல்லாமல் நடைபாதையில் படுப்பவருக்கும் உரிமை உண்டு. பி.எல்.ஓ. (பட்டியல் வேலை பார்க்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) இரவில் போய், அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். எத்தனை பேர் இரவில் போகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: மருமகள் பெயரை இங்கே மாற்றலாமா, அம்மா வீட்டிலேயே இருக்கட்டுமா?

எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் இருக்க வேண்டும்மா. இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது. அவர் பெயரை அவர் பெயராகவே எழுதுங்கள். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவை நீக்கினார்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஓட்டு ராமநாதபுரத்தில். லீவு கேட்டால் சம்பளம் பிடிப்பேன் என்கிறார்கள் அண்ணா.

பிடிக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவுப்படி வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு விடுமுறை, தினக்கூலிக்கும் சேர்த்துத்தான். மீறினால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய்! இதற்கு எந்த முதலாளி பயப்படுவார்? போக ஒரு நாள், வர ஒரு நாள், பஸ் காசு, இதையெல்லாம் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. இருக்கும் இடத்திலேயே ஓட்டுப் போட ஒரு மெஷினைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. கட்சிகள் சந்தேகம் கிளப்ப, அது நடைமுறைக்கு வரவில்லை. வருஷத்தில் பெரும்பகுதி திருப்பூரில்தான் என்றால் ஓட்டை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். ஊர்ப் பற்று புரிகிறது, ஆனால் போடாத ஓட்டால் ஊருக்கும் பயனில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, நடக்க முடியாது. வீட்டிலேயே போட முடியுமா?

வீட்டு ஓட்டுக்கான வயது முன்பு 80, 2024-லிருந்து 85. ஆனால் 40 சதவீதம் ஊனத்துக்கான சான்று இருந்தால் வயது பார்க்க மாட்டார்கள். தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் படிவம் 12டி தர வேண்டும். பூத்துக்கே அழைத்து வந்தால், அவராகப் பட்டனை அழுத்த முடியாத நிலையில் 18 வயது நிரம்பிய ஒருவர் துணைக்குப் போகலாம்.

கேள்வி: எங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என மிரட்டுகிறார்கள். முடியுமா?

தனி ஆள் ஓட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பூத் வாரியான எண்ணிக்கை வெளியே வருகிறது. ஒரு பூத்தில் ஒரே தெரு, ஒரே சாதி என்று அமைந்துவிட்டால் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தக் கணக்கே போதும். இதை நான் பெரிய தடையாகவே பார்க்கிறேன், சட்டப் புத்தகத்தில் இல்லாத தடை. பல பூத் ஓட்டுகளைக் கலந்து எண்ணும் 'டோட்டலைசர்' மெஷினைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது; 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை.

கேள்வி: ரேஷன் கார்டு காட்டலாமா?

2024-ல் வந்த மாற்று ஆவணப் பட்டியலில் அது இல்லை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பாஸ்புக் எல்லாம் செல்லும். பூத் ஸ்லிப் மட்டும் கொண்டு வந்தால் செல்லாது.

கேள்வி: விசாரணைக் கைதிக்கு ஓட்டு உண்டா?

இல்லை. குற்றம் நிரூபணம் ஆகாவிட்டாலும், சிறையில் இருக்கும்வரை போட முடியாது. தடுப்புக் காவலில் உள்ளவருக்கு மட்டும் தபால் ஓட்டு. வேடிக்கை என்னவென்றால், அதே விசாரணைக் கைதி சிறையிலிருந்தபடி தேர்தலில் நிற்கலாம். 2013-ல் சட்டத்தைத் திருத்தியே அந்த வழியைத் திறந்து வைத்தார்கள். ஜாமீனில் வந்துவிட்டால் ஓட்டும் போடலாம்.