முதலில் தட்டு, பிறகு பேச்சு

வணக்கம் மேடம்,

என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். உயரம் 158 செ.மீ. போன கோடை விடுமுறையில் 52 கிலோ இருந்தாள். ‘சோறைக் கொஞ்சம் குறைச்சுக்கிறேன்’ என்று ஆரம்பித்தது, ஏழு மாதத்தில் 39 கிலோவுக்கு வந்து நிற்கிறது. முதலில் வெள்ளிக்கிழமை விரதம், அப்புறம் சனிக்கிழமை, சஷ்டி, கிருத்திகை என்று கூடிக்கொண்டே போகிறது. கேட்டால் வயிறு உப்புசம், சாப்பிட்டது கல் மாதிரி கிடக்கிறது என்கிறாள். எண்டோஸ்கோப்பி பார்த்தோம், ஒன்றுமில்லை. நான்கு மாதமாகத் தீட்டு வரவில்லை. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பிக்குக் கேசரியும் கேக்கும் செய்து ஊட்டிவிடுகிறாள், தான் ஒரு வாய் தொடுவதில்லை. ராத்திரி முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள். கண்ணாடி முன் நின்று இடுப்புச் சதையைக் கிள்ளிப் பார்க்கிறாள். மாமியார் என் வளர்ப்பைக் குறை சொல்கிறார். கணவர் ‘விடு, பசிச்சா தானா சாப்பிடுவா’ என்கிறார். கவுன்சலிங் கொடுத்தால் மனம் மாறிச் சாப்பிடுவாளா? வற்புறுத்தலாமா, விட்டுப்பிடிக்கலாமா? ஜூனில் பிளஸ் டூவுக்கு விடுதியில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம்.

ச., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

விட்டுப்பிடிக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு வந்திருப்பது அனோரெக்ஸியா நெர்வோசா, அதாவது உணவை ஒதுக்கித் தன்னையே பட்டினி போட்டு மெலியவைக்கும் உண்ணல் கோளாறாக இருக்க எல்லா அடையாளமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மனம் மாறினால் சாப்பிடுவாள் என்று காத்திருக்கிறீர்கள். இந்த நோயில் வரிசை தலைகீழ்: சாப்பாடு உள்ளே போய், எடை ஏறி, அதற்குப் பிறகுதான் மனம் மாறும்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். போரில் ஆயுதம் தூக்க மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு முன்வந்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத்தான் எடுத்தார்கள். 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, கூடவே நடையும் வேலையும். எடையில் கால்பங்கு இறங்கியது. மெலிய வேண்டுமென்று அவர்களில் எவரும் ஆசைப்படவில்லை. ஆனால் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், கனவிலும் சாப்பாடே வந்தது, ஒரு தட்டை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு பிசைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். உணவைக் கூட்டிய பிறகும் பலருக்கு இது தெளிய மாதக்கணக்கில் ஆயிற்று.

52-இல் 13 கிலோ போயிருக்கிறது. உங்கள் மகளுக்கும் சரியாகக் கால்பங்கு. தம்பிக்கு ஊட்டுவதும் ராத்திரிச் சமையல் வீடியோவும் பிடிவாதமோ திமிரோ அல்ல. பட்டினி கிடக்கும் மூளை செய்கிற வேலை. அந்த மூளையோடு நியாயம் பேசி ஜெயிக்க முடியாது. மாமியார் சொல்வதும் சரியல்ல. பிறவிக்கூறு, சுபாவம், வயது, சுற்றியிருப்போர் பேச்சு எல்லாம் சேர்ந்து வருகிற நோய் இது. பெற்றோரின் வளர்ப்பு இதைக் கொண்டுவந்ததாக யாரும் நிறுவியதில்லை. அவளை மீட்பதில் முதல் கை பெற்றோருடையது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் இன்றைக்கே தட்டை நிரப்பிவிடாதீர்கள். அவளுடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 15.6. 16-க்குக் கீழே இறங்கியவர்களுக்குத் திடீரென்று சாப்பாட்டைக் கூட்டினால் ஆபத்து உண்டு. நெடுநாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியத்தை செல்களுக்குள் இழுத்துவிடும். இதயம் தாளம் தப்பும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், குழப்பம் வரும். இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுதலையான கைதிகள் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்தது இதனால்தான். நம் ஊரில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது: ‘பிள்ளை சோர்ந்திருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க.’ அதைக் கேட்காதீர்கள். சர்க்கரைநீர் மட்டும் ஏற்றுவதுதான் இந்த நிலையில் மிக மோசமான தொடக்கம்.

நாளைக்கே ஒரு பொதுநல மருத்துவரிடமோ குழந்தைகள் நல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். ‘ஏழு மாதத்தில் 13 கிலோ, நான்கு மாதமாகத் தீட்டு இல்லை’ என்று இந்த எண்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘எலக்ட்ரோலைட்ஸ்’ என்று எழுதினால் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மட்டுமே பார்ப்பார்கள். பாஸ்பரஸையும் மக்னீசியத்தையும் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கூடவே சர்க்கரை, சிறுநீரக, ஈரல் பரிசோதனை, ஈ.சி.ஜி. நாடியும் ரத்த அழுத்தமும் படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்றபின் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உணவைக் கூட்டுமுன்பே தயமின், அதாவது வைட்டமின் பி1, தரவேண்டுமா என்று கேளுங்கள். முதல் பத்து நாளில் உணவை எந்தப் படியில் ஏற்றுவது, ரத்தப் பரிசோதனையை எந்தெந்த நாள் திரும்ப எடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். எல்லாம் நார்மல் என்று வந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமல்ல. உடம்பு கடைசிவரை எண்களைக் காப்பாற்றிக் காட்டும்.

விழித்திருக்கும்போது நாடி 50-க்குக் கீழே, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே, உடல் வெப்பம் 96 டிகிரிக்குக் கீழே, எழுந்தால் மயக்கம், தண்ணீர் உட்பட எதையும் தொடமாட்டேன் என்ற மறுப்பு. இவற்றில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கிற நிலை தாண்டிவிட்டது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே கூட்டிப்போங்கள்.

தீட்டுக்குக் கொடுத்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை விழுங்கி நிறுத்தினால் வருகிற ரத்தப்போக்கு மாத்திரையின் விளைவுதான். சினைப்பை விழித்துக்கொண்டது என்று ஆகாது; எலும்பு கரைவதையும் அது தடுக்காது. எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நிம்மதியடைந்துவிடும், அதுதான் எனக்குப் பயம். எழுதிக் கொடுத்தவரிடம் எடை விவரத்தைச் சொல்லி, இது தேவையா என்று கேளுங்கள். தைராய்டு பரிசோதனையில் டி3 என்ற ஹார்மோன் குறைவாக வந்தால் அதுவும் பெரும்பாலும் பட்டினியால்தான். எடை ஏறினால் தானே ஏறும்.

இனி வீடு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவாகி, இன்று வளரிளம் பருவத்தினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் குடும்பவழிச் சிகிச்சையின் சாரம் இதுதான்: முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற முடிவு முழுவதும் பெற்றோர் கையில். எடை ஏறி, அழுகை இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தபின் அந்த முடிவை ஒவ்வொரு வேளையாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவது. அதற்கும் அப்புறம்தான் படிப்பு, நட்பு, தோற்றம் பற்றிய பேச்சு. வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை, சுமார் 20 அமர்வுகள்.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சிறுதீனி. இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. மருத்துவர் பச்சைக்கொடி காட்டியபின் எட்டிப்பிடிக்க வேண்டிய அளவைச் சொல்கிறேன். காலையில் நான்கு இட்லி, பொடிக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு டம்ளர் கொழுப்பு நீக்காத பால். பத்தரைக்கு வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும். மதியம் இரண்டு கப் சோறு, பருப்பு, நெய், முட்டை அல்லது மீன், ஒரு பொரியல், கட்டித் தயிர். நாலரைக்குச் சுண்டலும் பாலும். இரவு மூன்று சப்பாத்தி, தேங்காய் அரைத்த குருமா. படுக்குமுன் பால், நான்கு பேரீச்சம்பழம். வாரம் அரைக் கிலோ ஏறவேண்டும். ஏறவில்லையென்றால் ஒரு சிறுதீனியைப் பெரிதாக்குங்கள். மீண்டு வரும் உடம்பு அடுப்பைக் கூட்டிவிடும். ராத்திரி வியர்க்கும், நாளுக்கு 2,500, 3,000 கலோரி போட்டும் எடை நகராத வாரம் வரும். ஏமாற்றுகிறாள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

அந்த உப்புசம் பொய்யல்ல. பட்டினியில் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்துவிடும். நான்கு வாய் சாப்பிட்டாலே கல்தான். எண்டோஸ்கோப்பியில் அது தெரியாது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரத்தில் அது தணியும், சாப்பிடாமல் இருந்தால் கூடும். அதனால் தட்டின் கனத்தைக் குறைத்துச் சத்தைக் கூட்டுங்கள். ரசம், நீர்மோர், முட்டைக்கோஸ், பச்சைக் காய்கறி வயிற்றை அடைக்குமே தவிர எடை தராது. ஒரு தேக்கரண்டி நெய் இடமே பிடிக்காமல் 40 கலோரி தரும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் சாதத்தில் நெய்யைக் கலக்காதீர்கள். ஒருமுறை கண்டுபிடித்தால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டாள். ‘நெய் ஊத்தியிருக்கேன்’ என்று சொல்லியே ஊற்றுங்கள். ‘குண்டாகிவிடுவேன்’ என்று சொல்லாமல் ‘வயிறு சரியில்லை’ என்று வருகிற இந்த நோயாளிகளை 1990-களில் ஹாங்காங் மருத்துவர்கள் நிறையப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இப்படி வருகிறார்கள். வயிற்று டாக்டர்களிடம் அலைந்தே ஒரு வருடம் போய்விடுகிறது.

விரதத்தை நேரடியாக நிறுத்துங்கள். நோயாளிக்கும் வளரும் பிள்ளைக்கும் எந்த விரதமும் கட்டாயமில்லை என்று அவள் மதிக்கிற ஒரு பெரியவரையோ கோயில் குருக்களையோ சொல்லவைத்தால் நல்லது. வேண்டுதலை விளக்காகவும் பூவாகவும் மாற்றிக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் நீங்களோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சாப்பிட வேண்டும். அரைமணி நேரம், சிறுதீனிக்கு 15 நிமிடம். தட்டைச் சுற்றி விவாதம் வேண்டாம். ‘ஏன்டி இப்படிப் பண்றே’, ‘எனக்காக ஒரு வாய்’, ‘அப்பா செத்துப்போயிடுவாரு’ எதுவும் உதவாது. ‘கஷ்டமா இருக்குன்னு தெரியுது கண்ணு. அடுத்த வாய் எடு’ என்று குரல் உயர்த்தாமல் திரும்பத் திரும்ப அதையே சொல்லுங்கள். மிச்சம் வைத்தால் அதற்கு ஈடாகப் பால்பவுடர் கலந்த பால். அழுவாள், தட்டைத் தள்ளுவாள், உங்களை வெறுக்கிறேன் என்பாள். அப்போது கணவர் ‘போதும், விடு’ என்று ஒரே ஒருமுறை சொன்னாலும் நோய் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அவளிடம் பேசுமுன் நீங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வாருங்கள். தம்பி போலீஸ் வேலை பார்க்கக் கூடாது. அவனுக்கு அவள் ஊட்டுவதும் சமைப்பதும் இப்போதைக்கு நிற்கட்டும்.

சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கூடத்திலேயே இருக்கட்டும், குளியலறைக்குத் தனியாகப் போகவேண்டாம். காதுக்குக் கீழே கன்னம் வீங்குவது, விரல் முட்டியில் தழும்பு இருந்தால் வாந்தி எடுக்கிறாள் என்று சந்தேகிக்கலாம். பொட்டாசியம் இறங்கும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடை வாரம் ஒருமுறை போதும், காலையில், சிறுநீர் கழித்தபின், மெல்லிய உடையில். எடை பார்க்குமுன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பது பலர் செய்வது. சோடியம் இறங்கி வலிப்புவரை போகும், கவனமாக இருங்கள். நின்றுகொண்டே படிப்பது, மொட்டைமாடியில் நடை, தேவையில்லாமல் மாடிப்படி ஏறுவது இவையும் உடற்பயிற்சிதான்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். ‘நீ ஒல்லியாத்தான் இருக்கே’ என்று நூறுமுறை சொல்லிப் பயனில்லை. கிள்ளிப் பார்ப்பது, மணிக்கட்டை விரலால் வளைத்து அளப்பது, பழைய சுடிதாரைப் போட்டுப் பார்ப்பது, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லாம் ஒரே வேலை: உடம்பில் ஒரே இடத்தை உற்று நோக்கினால் எவருக்கும் அது பெரிதாகத்தான் தெரியும். கண்ணாடி தலைவாருவதற்கும் பொட்டு வைப்பதற்கும் மட்டும் என்று பழக்கலாம். சிறுத்த உடைகளைக் கட்டி எடுத்து வைத்துவிட்டு, தொளதொளப்பாக நான்கு செட் புதிதாகத் தைத்துவிடுங்கள். எடை ஏற ஏற இடுப்பு இறுகுவதுதான் பலரைத் திரும்பத் தள்ளுகிறது. முதலில் வயிற்றிலும் முகத்திலும் சதை போடும், பிறகு மாதக்கணக்கில் பரவும்; இதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொந்தக்காரர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். ‘இப்பத்தான் முகம் தெளிஞ்சிருக்கு’ என்பது அவள் காதில் ‘குண்டாயிட்டே’ என்றே விழும். உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்.

மனநல மருத்துவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். உண்ணல் கோளாறு பார்த்த அனுபவம் உண்டா, பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுவார்களா என்று கேட்டுச் சேருங்கள். இரவில் தாங்கமுடியாத நேரத்தில் 14416-க்கு அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.

ஜூனில் விடுதி வேண்டாம். எடை பழையபடி ஏறி, மாத்திரை இல்லாமல் தீட்டு வந்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமலே மூன்று மாதம் ஆறு வேளையும் சாப்பிட்டபின் பார்க்கலாம். அதுவரை பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு ஓர் ஆசிரியை அவளோடு உட்கார முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அந்த ஒரு வேளைக்கு நீங்களே கேரியரோடு போய்விடுங்கள்.