கேஸ் கசிந்து அக்காவுக்குத் தீக்காயம், ஏஜென்சி கைவிரிக்கிறது. இழப்பீடு கிடைக்குமா?

கேட்டால் கிடைக்கும். இண்டேன், பாரத் கேஸ், ஹெச்.பி. மூன்றுமே பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கத் தேவையில்லை. சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, உயிரிழப்புக்கு 6 லட்சம். ஏஜென்சிக்காரர்கள் இதை வாயைத் திறந்து சொல்வதே இல்லை.

ஒரு நிபந்தனை: தீ கேஸால் தொடங்கியிருக்க வேண்டும். வேறு தீயில் சிலிண்டர் வெடித்திருந்தால் பொருந்தாது. அதனால் மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கி, "கேஸ் கசிந்து" என்று இருக்கிறதா பாருங்கள். பெண்ணுக்குத் தீக்காயம் என்றாலே "சமைக்கும்போது சேலையில் பற்றியது" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எத்தனை குடும்பங்களின் உரிமை அந்த ஒரு வரியில் போயிருக்கிறது! அப்படி இருந்தால், போலீஸ் வாக்குமூலத்திலாவது கசிவு டியூப்பிலா ரெகுலேட்டரிலா என்று அக்கா தனக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லட்டும்.

சிலிண்டர், டியூப், ரெகுலேட்டர் எதையும் எழுத்தில் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். சிலிண்டர் எண்ணையும், கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் ஏ-27 (2027 ஜனவரி-மார்ச்) போல அடித்திருக்கும் சோதனைக் கெடுவையும் படமெடுங்கள். கெடு தாண்டிய சிலிண்டர் என்றால் அது பெரிய ஆதாரம். ஏஜென்சிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். எண்ணெய் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பது அவர்கள் வேலை. எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும்; டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எல்லாம் அசல் வேண்டும்.

மறுத்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வருமான இழப்பு, ஊனம் இரண்டையும் அங்கே கேட்கலாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், எண் 15100. "வருஷக்கணக்கில் இழுக்கும்" என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். இழுக்கும்தான். அதற்காக மனுப் போடாமல் இருந்தால் கெடு போய்விடும்.

வழக்கைவிட அவசரம் உடம்பு. கழுத்தில் காயம் என்றால் தலையணை கூடாது. தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்து பின்னால் நீளும்படி படுக்க வேண்டும். அக்குளில் என்றால் கையை விரித்தே வைக்க வேண்டும். வலிக்குப் பயந்து மடக்கியே வைத்தால் தோல் அப்படியே சுருங்கி, மறுபடி அறுவை சிகிச்சைதான். புண் ஆறியதும் பிரஷர் கார்மென்ட் (தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உடை), குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை. தழும்பு முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகும். அளவெடுத்துத் தைத்த கார்மென்ட் நாளடைவில் தளரும்; தளர்ந்ததைப் போட்டுப் பயனில்லை. புதிதாக வாங்கும் ஒவ்வொன்றின் பில்லையும் வழக்குக் கோப்பிலேயே சேருங்கள்.