கையெழுத்து வேண்டாம், கோப்பைக் கேளுங்கள்

வாசகர் கேள்விகள்: ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கப் பாடுபடும் மாணவர் குழுக்களுக்கு

கே: ‘ஓப்பன் ஆக்சஸ்’ பிரசாரத்துக்காகப் பதினைந்து மாணவர்கள் மேசை போட்டு 400 கையெழுத்து வாங்கினோம். ஒரு கட்டுரைகூடத் திறக்கவில்லையே, ஏன்?

ப: ஆதரவு கேட்டீர்கள், கிடைத்தது. கேட்டிருக்க வேண்டியது கட்டுரையின் கோப்பு. பெரும்பாலான ஆய்விதழ்கள், கட்டுரையின் ஒரு வடிவத்தை எழுதிய ஆசிரியரே பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், அதாவது ஆய்வுகளைச் சேமித்து வைக்கும் இணையதளத்தில், இலவசமாக வைக்க அனுமதிக்கின்றன. அந்த அனுமதியைப் பயன்படுத்தத்தான் ஆளில்லை.

ஒரே ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ளவர்களின் கடந்த மூன்றாண்டுக் கட்டுரைகளை டி.ஓ.ஐ. எண்ணோடு (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒரு விரிதாளில் ஏற்றுங்கள். ‘அன்பேவால்’ என்ற இணையக் கருவியில் அந்த எண்களைப் போட்டால், ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பவை தெரிந்துவிடும். அவற்றை நீக்குங்கள். மீதிக்கு ஆய்விதழின் பெயரை ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ தளத்தில் தேடுங்கள். முன்பு ‘ஷெர்பா ரோமியோ’ என்று இருந்ததுதான் இது. எந்த வடிவத்தை, எங்கே, எத்தனை மாதம் கழித்து வைக்கலாம் என்று அது சொல்லும். பிறகு பேராசிரியரிடம் போய், “இந்த நான்கு கட்டுரைகளின் ஏற்கப்பட்ட பிரதி வேண்டும், ஏற்றுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லுங்கள். “உங்கள் கட்டுரைகளைத் திறக்கலாமா?” என்று பொதுவாகக் கேட்டால், “பார்க்கலாம்” என்பார். அதோடு முடிந்தது.

கே: ‘ஏற்கப்பட்ட பிரதி’ எது? எல்லோரும் ஆய்விதழின் பி.டி.எஃப்.பைத்தான் அனுப்புகிறார்கள்.

ப: பல முயற்சிகள் கவிழும் இடம் இதுதான். ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, மதிப்பீட்டுக்கு அனுப்பிய பிரதி. 1991 முதல் இயங்கும் ‘ஆர்க்கைவ்’ என்ற இலவசக் கட்டுரைத் தளத்தில் இயற்பியலாளர்களும் கணிதத்தாரும் பெரும்பாலும் ஏற்றுவது இதைத்தான். இரண்டாவது, மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தமெல்லாம் செய்து, ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்த பிரதி. மூன்றாவது, பதிப்பாளர் பக்கம் அமைத்து வெளியிட்டது. களஞ்சியத்துக்குப் பொதுவாக அனுமதி இரண்டாவதற்கே.

இந்த இரண்டாவது பிரதியைக் கண்டுபிடிப்பது எளிது. ஆய்விதழின் சின்னமோ தொகுதி எண்ணோ இருக்காது. வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டிருக்கும். பக்கம் இரண்டு நெடுவரிசையாகப் பிரிந்து, ஓரத்தில் திருத்தம் கேட்கும் குறிப்புகள் இருந்தால் அது பதிப்பாளர் பிழை பார்க்க அனுப்பிய மெய்ப்பு, வேண்டாம். கோப்பு தொலைந்துவிட்டது என்பவரிடம், கட்டுரையை அனுப்பிய இணையக் கணக்கில் கடைசித் திருத்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொடர்புக்குரிய ஆசிரியரை, அதாவது எழுதியவர்களில் ஆய்விதழோடு கடிதப் போக்குவரத்து நடத்தியவரை, கேட்பதுதான் வழி.

ஏற்றுவதற்கு முன் வேர்டு கோப்பைத் திறந்து, திருத்தத் தடங்களும் ஓரக் குறிப்புகளும் மிச்சமில்லையா என்று பாருங்கள். “இந்த மதிப்பீட்டாளருக்கு ஒன்றும் புரியவில்லை” என்ற குறிப்போடு கட்டுரை உலகம் சுற்றினால், அடுத்த முறை அவர் கோப்பு தரமாட்டார். படங்களும் அட்டவணைகளும் தனிக் கோப்புகளாக இருக்கும், சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். முகப்பில் ஆய்விதழின் பெயர், ஆண்டு, டி.ஓ.ஐ. போடுங்கள். களஞ்சியப் படிவத்திலும் டி.ஓ.ஐ.யை நிரப்புங்கள், அது விடுபட்டால் தேடுகருவிகள் இந்தப் பிரதியை மூலக் கட்டுரையோடு இணைக்காமல் போகலாம்.

காத்திருப்புக் காலம் 12 மாதம் என்றால், கட்டுரை வெளியான நாளிலிருந்து எண்ணுங்கள், ஏற்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. ஆனால் கோப்பை இன்றே ஏற்றி, திறக்கும் தேதியைக் குறித்துவிடுங்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால் கணினியே மாறியிருக்கும்.

கே: ஆய்விதழுக்குக் கட்டணம் கட்டிக் கட்டுரையை இலவசமாகவே வெளியிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

ப: யார் கட்டுவது? ‘நேச்சர்’ இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. ஆசிரியரிடமும் வாசகரிடமும் பணம் வாங்காத ‘டயமண்ட்’ வகை இதழ்களும் உண்டு. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்களைத் தொகுக்கும், 2003இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில், கட்டணம் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டித் தேடலாம்.

கே: பல்கலைக்கழகமே விதி கொண்டுவர என்ன செய்யலாம்?

ப: மாதிரி இருக்கிறது. ஹார்வர்டின் கலை, அறிவியல் புலத்தில் 2008 பிப்ரவரி 12 அன்று பேராசிரியர்களே வாக்களித்து இப்படி ஒரு விதியை நிறைவேற்றினார்கள். கட்டுரையைப் பரப்பும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே தருவது அதன் சாரம். வேண்டாம் என்று நினைக்கும் ஆசிரியர், குறிப்பிட்ட கட்டுரைக்கு விலக்குக் கேட்டுப் பெறலாம். உங்கள் வரைவில் இந்த விலக்கை அடித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் “கல்விச் சுதந்திரம் போச்சு” என்று ஒருவர் எழுந்தாலே தீர்மானம் ஒத்திவைக்கப்படும். வாக்கு பேராசிரியர்களுடையது. ஆகவே முன்மொழிபவரும் பேராசிரியராக இருக்கட்டும். உங்கள் விரிதாள் அவர் கையில் இருக்கட்டும்: துறையில் இத்தனை கட்டுரை, இன்றே திறக்கக்கூடியவை இத்தனை, திறந்தவை இத்தனை. நூலகரை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள், களஞ்சியத்தை நடத்துபவர் பெரும்பாலும் அவர்தான்.

கே: கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் ‘சை-ஹப்’ தளத்தின் முகவரியை எங்கள் சுவரொட்டியில் போடலாமா?

ப: கூடாது. 2017இல் அமெரிக்க நீதிமன்றம் அதற்கு எதிராக ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியருக்கு 1.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. சட்டப்படியே திறக்க வழி இருக்கிறது என்று வாதாடும் குழு, அந்த முகவரியை ஒட்டினால் நூலகர் விலகிக்கொள்வார். கட்டுரை அவசரமாக வேண்டுமென்றால் ஆசிரியருக்கே எழுதுங்கள். தலைப்பு, டி.ஓ.ஐ., எதற்காக என்று ஒரு வரி, மூன்றே வாக்கியம் போதும். பிரதி வந்ததும், அதைக் களஞ்சியத்திலும் வைக்கலாமே என்று நன்றிக் கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.